இடைக்கால வீரர் மாற்றம் (கூடைப்பந்து, கார்ட்)

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துத் தொடரில், ஒரு பருவம் முடிந்து அடுத்தது தொடங்கும் வரையான மாதங்களில் நடக்கும் ஒப்பந்தங்களும் கைமாற்றங்களும். ஒப்பந்தம் முடிந்த வீரர்களுக்கான சந்தை அமெரிக்கக் கிழக்கு நேரப்படி ஜூன் 30 மாலை 6 மணிக்குத் திறக்கும். கொழும்பு வெள்ளவத்தையில் விழித்திருந்து பார்ப்பவருக்கு அது ஜூலை 1 அதிகாலை 3.30.

பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை வகுப்பவர் கார்ட் என்பதால், அவர் பெயரைச் சுற்றியே வதந்தி அதிகம். ஒப்பந்தத்தில் கைமாற்றத்துக்குத் தடைவிதி இல்லாவிட்டால், அணி அவரைக் கேட்காமலே இன்னொரு நகருக்கு அனுப்பிவிடலாம். இது கடுமையான விதி.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு டேமியன் லில்லர்ட். 2012 முதல் போர்ட்லண்டுக்கு ஆடியவர், 2023 ஜூலையில் விலக விரும்பினார். மயாமிக்கே போவார் என்று கோடை முழுவதும் பேச்சு. செப்டெம்பர் 27இல் மூன்று அணிகளின் உடன்பாட்டில் அவர் போனதோ மில்வாக்கிக்கு. பதிலுக்கு போர்ட்லண்ட் வந்த ஜரூ ஹொலிடே அங்கு ஓர் ஆட்டமும் ஆடவில்லை. சில நாட்களில் பொஸ்டனுக்கு மாற்றப்பட்டார். 2024இல் பொஸ்டன் பட்டம் வென்றது. வதந்தியில் பெரிதாக அடிபடாத ஹொலிடேயின் மாற்றமே அந்தக் கோடையின் முக்கிய நகர்வு.

2025 ஏப்ரலில் லில்லர்டின் குதிகால் தசைநார் அறுந்தது. ஜூலையில் மில்வாக்கி அவரை விடுவித்தது. அதே மாதம் அவர் போர்ட்லண்டுக்குத் திரும்பினார். ஹொலிடேயும் அதே கோடையில் அங்கு மாற்றப்பட்டிருந்தார்.