மூன்று கற்கள் சேரும் ஆட்டம்

ஒரே நிறமுடைய மூன்று கற்களை ஒரு வரிசையில் சேர்த்தால் அவை மறையும். மேலிருந்து புதிய கற்கள் வந்து விழும். கைப்பேசியில் நிகழும் இவ்வாட்டத்தை அறியாத மாணவர் இன்று அரியர். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் பேருந்திலும் இதனை ஆடுவோரைக் காண்கிறேன். கல்வராயன் மலைப் பாதையில் கைப்பேசித் தொடர்பு அறும்போதும் ஆட்டம் அறுவதில்லை. இத்துணை பரவிய ஒன்று எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதை மாணவர்கள் அறிதல் நன்று.

இதன் முன்னோடி டெட்ரிஸ் என்னும் ஆட்டம். 1984-ஆம் ஆண்டில், மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் பணியாற்றிய அலெக்ஸி பஜித்னோவ் என்பார் அதனை ஆக்கினார். நான்கு சதுரங்களால் ஆன ஏழு வகை உருவங்கள் ஒவ்வொன்றாக இறங்கும். இடைவெளியின்றி நிரம்பும் வரிசை மறையும். அவரிடம் இருந்த எலெக்ட்ரோனிகா 60 என்னும் கணினியில் படம் வரையும் வசதி இல்லை. எழுத்துக் குறிகளைக் கொண்டே அவர் உருவங்களைக் காட்டினார். அடுக்கு உச்சியைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது.

அடுத்து, 1994-இல் ரஷ்யரான யெவ்கெனி அலெம்ஷின் 'ஷாரிகி' என்பதை உருவாக்கினார். அருகருகே உள்ள இரண்டு நிறப் பந்துகளை இடம் மாற்றி, ஒரே நிறத்தை வரிசையாக்கும் முறை அதில் அமைந்தது. 2001-இல் அமெரிக்காவின் பாப்கேப் நிறுவனம் வெளியிட்ட 'பிஜுவெல்ட்', பந்துகளுக்கு மாற்றாக மணிகளை வைத்தது. அதனை நேரக்கெடு இல்லாமலும் ஆடலாம். இனிச் சேர்ப்பதற்கு வழியில்லை என்ற நிலை வந்ததும் அதுவும் முடியும்.

2012-இல் கிங் நிறுவனத்தின் 'கேண்டி கிரஷ் சாகா' வந்தது. இதனை ஆடத் தொடங்கக் காசு வேண்டுவதில்லை. ஆடுவோருக்கு ஐந்து 'உயிர்கள்' உண்டு; ஒரு கட்டத்தில் தோற்றால் ஓர் உயிர் போகும். போன உயிர் திரும்ப முப்பது நிமிடம் காத்திருக்க வேண்டும். காத்திருக்க மனமில்லாதவர் நண்பரிடம் கேட்கலாம், அல்லது பணம் செலுத்தலாம். இங்கேதான் இவ்வரலாறு திரும்புகிறது. முடிவுடைய ஆட்டம், முடிவை ஒத்திப்போடும் ஆட்டமாயிற்று; ஆடுவோரின் பொறுமையின்மையே வாணிகப் பொருளாயிற்று. 2016-இல் ஆக்டிவிஷன் பிலிசார்டு நிறுவனம் கிங்கை ஏறத்தாழ 590 கோடி டாலருக்கு வாங்கியது என்றால், அவ்வாணிகத்தின் அளவை உணரலாம்.

சேர்த்து எடுக்கும் இன்பம் நமக்குப் புதிதன்று. நம் பல்லாங்குழியை எண்ணிப் பாருங்கள். இரு வரிசையில் பதினான்கு குழிகள். ஒரு குழியில் நான்கு காய்கள் சேர்ந்தால் 'பசு' என்று சொல்லி எடுத்துக்கொள்வர். என் இளமையில் திண்ணையில் புளியங்கொட்டை கொண்டு பெண்டிர் அதனை ஆடக் கண்டிருக்கிறேன். அங்கே எதிரில் ஒருவர் அமர்ந்திருப்பார். ஒருவர் கைக்காய் தீர்ந்தால் ஆட்டம் தீரும். உலையில் நீர் கொதித்தால் அதற்கு முன்னரே இருவரும் எழுந்துவிடுவர். எப்போது நிறுத்துவது என்பது ஆடுவோர் கையில் இருந்தது.

ஆகவே, கைப்பேசி ஆட்டம் தீது என்று நான் கூற வரவில்லை. பஜித்னோவின் ஆக்கம் மனித அறிவின் அழகிய விளைவுகளுள் ஒன்று. ஆயினும் ஓர் ஆட்டத்தைத் தொடங்குமுன், இதன் முடிவை வகுப்பவர் யார் என்று கேளுங்கள். ஐந்து உயிரும் தீர்ந்து, அரைமணி நேரம் பொறுத்திரு எனத் திரை கூறும்போது, பொறுத்திருக்க வேண்டா. அதனையே ஆட்டத்தின் முடிவாகக் கொண்டு எழுந்து செல்லுங்கள். ஒரு பாடத்தைக் கருத்தூன்றிப் படித்து முடிக்க அந்த அரைமணி போதும்.