ஆருக்கு நோகுது?

கடந்த யூலை விடுமுறையில் அக்காவின் பேரப்பிள்ளைகள் மூவர் சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்திருந்தனர். மூத்தவனுக்குப் பதினொரு வயது. நடுவிலாளுக்கு ஒன்பது. கடைக்குட்டிக்கு ஏழு. அவர்கள் கொண்டுவந்த பொதியில் ஒரு காட்ஸ் விளையாட்டுப் பெட்டியும் இருந்தது. ஒருவரையொருவர் தோற்கடிக்கும் விளையாட்டல்ல அது. ஆடுவோர் எல்லோரும் ஒரே அணி. எதிரியின் பங்கைக் கலைத்து அடுக்கிய கட்டொன்றே ஆடிவிடுகின்றது. எட்டுப் பாத்திரங்களிலிருந்து நால்வரைத் தெரிவு செய்துகொண்டு காட்டைக் கடந்து கோட்டையை அடைய வேண்டும். ஒருவர் விழுந்தாலும் எல்லோருக்கும் தோல்வி.

மூத்தவன் வாள்வீரனை எடுத்தான். தங்கை கோடரிக்காரியை எடுத்தாள். எனக்கு வில்லாளி. கடைக்குட்டிக்கு இன்னொரு வாள்வீரனைக் கொடுத்து, "நீ சும்மா இரு, நான் சொல்லுறதைப் போடு" என்று மூத்தவன் கட்டளையிட்டான். மூன்றாவது சுற்றில் நால்வரும் மாண்டோம். அடிப்பதற்கு நால்வர் இருந்தோம். காயத்துக்கு மருந்து கட்ட ஒருவரும் இருக்கவில்லை. கடைக்குட்டியோ அதற்கு முன்னரே காட்ஸைக் கீழே வைத்துவிட்டு, கடற்கரை ரயிலைப் பார்க்கப் பல்கனிக்குப் போய்விட்டான்.

அன்றிரவு எனக்கு இரண்டு கேள்விகள் எழுந்தன. ஒரு கூட்டத்துக்கு எத்தகைய ஆட்களைத் தெரிவு செய்ய வேண்டும் என்பது முதலாவது. அக்கூட்டத்தில் ஆகச் சிறியவனுக்கு எதைக் கொடுக்க வேண்டும் என்பது இரண்டாவது. இரண்டுக்கும் நீண்ட வரலாறு உண்டு. அதில் ஒரு பகுதி கொழும்பிலேயே கிடக்கின்றது.

பாத்திரங்களைத் தெரிந்தெடுத்துக் கூட்டமாக ஆடும் விளையாட்டுகளின் மூலம் அமெரிக்காவில் 1974 இல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ்' எனலாம். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர் உருவாக்கியது. தொடக்கத்தில் அதில் மூன்றே வகையினர்: போர்வீரன், மந்திரவாதி, காயம் ஆற்றும் பூசகன். பூட்டுத் திறக்கும் கள்வன் அடுத்த ஆண்டு, 1975 இல், சேர்க்கப்பட்டான். பிற்காலத்தில் வந்த காட்ஸ் விளையாட்டுகளும் பலகை விளையாட்டுகளும் இந்த நால்வரையே வெவ்வேறு உடைகளில் மீண்டும் மீண்டும் மேடையேற்றின. 2008 இல் மாட் லீகொக் வெளியிட்ட 'பாண்டெமிக்' விளையாட்டில் வாளும் இல்லை, மந்திரமும் இல்லை. உலகெங்கும் பரவும் தொற்றுநோய்களை மருத்துவர், விஞ்ஞானி, ஆய்வாளர் முதலானோர் சேர்ந்து தடுக்கிறார்கள். ஆயினும் சூத்திரம் ஒன்றே. ஒருவரால் இயன்றது மற்றவரால் இயலாது.

நமக்கு இது புதிய சங்கதியல்ல. விராட நாட்டில் பாண்டவர்கள் மறைந்து வாழ்ந்த ஓராண்டை எண்ணிப் பாருங்கள். மூத்தவர் அரசனுக்குச் சூதாட்டத் துணை. வீமன் மடைப்பள்ளியில். அருச்சுனன் நடனம் பயிற்றுகின்றான். நகுலனிடம் குதிரைகள், சகாதேவனிடம் பசுக்கள். திரௌபதி அரசிக்குத் தலைவாரிப் பூச்சூட்டும் பணிப்பெண். ஐவரும் வில்லெடுத்து நின்றிருந்தால் ஒரே நாளில் அகப்பட்டிருப்பார்கள். மறுநாள் பிள்ளைகளுக்கு இக்கதையைத்தான் சொன்னேன். மூத்தவன் உடனே, "அப்ப எங்களுக்கு ஒரு சமையல்காரனும் வேணும்" என்றான். விஷயம் விளங்கிவிட்டது.

ஆனால் இரண்டாவது கேள்விக்கு விராட பருவத்தில் விடையில்லை. பாண்டவர்களிடையே ஏழு வயதுப் பிள்ளை இருக்கவில்லை.

சேர்ந்து ஆடும் விளையாட்டுகளில் ஒரு நோய் உண்டு. கெட்டிக்காரர் ஒருவர் எல்லோருக்குமாகத் தானே ஆடிவிடுவார். ஏனையோர் அவர் சொல்வதைப் போடும் கைகளாகிவிடுவர். பிள்ளைகளோடு ஆடும்போது இந்த நோய் பெரும்பாலும் பெரியவர்களான நமக்குத்தான் வருகின்றது. அண்மைக் காலப் படைப்பாளிகள் இதற்குக் கண்ட மருந்து மௌனம். பிரான்ஸ் நாட்டவரான அந்துவான் போசா 2010 இல் வெளியிட்ட 'ஹனபி' விளையாட்டில் ஒருவர் தன் காட்ஸைத் தான் பார்க்க முடியாது; மற்றவர்கள் அளவோடு குறிப்புச் சொல்லலாம். ஜேர்மனியரான தோமஸ் சிங் 2019 இல் வெளியிட்ட 'தி க்ரூ'வில் எல்லோரும் ஓரணியாக இருந்து பிடி எடுக்கிறார்கள், ஆனால் தம் கையில் என்ன இருக்கிறது என்பதைத் தாராளமாகப் பேச இயலாது. இவற்றின் விதிகளை வாசித்தபோது எனக்கு ஏற்கெனவே பழகிய வீட்டுக்குள் நுழைந்தது போலிருந்தது. துணைவரோடு பேசாமல் துணைவரோடு ஆடுவது நமது விறாந்தைகளில் தலைமுறைகளாக நடந்ததுதான். அதன் பெயர் முந்நூற்றிநாலு.

304 இன் கணக்கை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நால்வர், எதிரெதிரே அமர்ந்த இரண்டு சோடிகள், ஏழு முதல் ஆஸ் வரை 32 காட்ஸ். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2. எட்டும் ஏழும் வெறுமை. ஒரு சாதிக்கு 76 ஆக, நான்கு சாதிக்கும் 304. இராசாவையும் ஆஸையும் விட ஜாக்கியும் ஒன்பதும் உயர்ந்து நிற்பது உலகில் பெரும்பாலான காட்ஸ் விளையாட்டுகளில் இல்லாத வழக்கம். இது எங்கிருந்து வந்தது?

ஒல்லாந்திடமிருந்து என்பதே இத்துறை ஆய்வாளர்களின் கருத்து. அங்கு இன்றும் ஆடப்படும் 'கிளாவர்யாஸ்' விளையாட்டில் துரும்பு ஜாக்கிக்கு 20, துரும்பு ஒன்பதுக்கு 14. ஆஸுக்கு 11, பத்துக்கு 10 என்பது நமது கணக்கே. கேரளத்தில் ஆடப்படும் 28, வங்காளத்தில் ஆடப்படும் 29 என்பனவும் ஜாக்கியையும் ஒன்பதையும் முதலில் வைக்கும் விளையாட்டுகள். கொச்சியை 1663 முதல் 1795 வரை ஒல்லாந்தர் வைத்திருந்தனர். வங்காளத்துச் சின்சுரா 1825 வரை அவர்களிடம் இருந்தது. கொழும்பை 1656 இல் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றி 1796 இல் ஆங்கிலேயரிடம் இழந்தனர். இந்த மூன்று ஊர்களையும் இணைத்துப் பார்த்தால் விளையாட்டு வந்த கடல்வழி தெரியும்.

அந்த ஆட்சி கொழும்பில் விட்டுச்சென்ற சுவடுகளுள் முதன்மையானது கொட்டாஞ்சேனைப் பக்கத்து மேட்டில் நிற்கும் வுல்வெண்டால் தேவாலயம். 1749 இல் கட்டத் தொடங்கி 1757 இல் வழிபாட்டுக்குத் திறந்தனர். அப்பக்கம் திரிந்த நரிகளை ஓநாய்கள் என்று எண்ணி 'ஓநாய்ப் பள்ளத்தாக்கு' எனப் பெயரிட்டனர் என்பது வழங்கி வரும் கதை. தேவாலயத்தைப் பார்க்கப் பயணிகள் வருகிறார்கள். அதே ஒல்லாந்தர் விட்டுச்சென்ற இன்னொரு சொத்து, சுற்றியுள்ள ஒழுங்கைகளின் வாயில் இருப்பதை எவரும் கவனிப்பதில்லை. ஒல்லாந்தரின் 'கிளாவர' நமக்குக் கலாவரையாயிற்று, சிங்களவருக்குக் கலாபர. 'ஹார்த்தன்' நமக்கு ஆட்டின், அவர்களுக்கு ஹாரத. துரும்பு மட்டும் போர்த்துக்கேயரின் 'துருன்ஃபோ'விலிருந்து வந்ததாகும். அதை இரு இனத்தாரும் ஒரே விதமாகவே சொல்கின்றோம்.

இனி ஆட்ட முறை. முதலில் நான்கு காட்ஸ்தான் கிடைக்கும். அதைப் பார்த்தே கேட்க வேண்டும். கேள்வி 160 இல் தொடங்கும். அதாவது மொத்தத்தில் பாதிக்கும் சற்று மேலே. கூடக் கேட்டவர் துரும்பைத் தெரிந்து கவிழ்த்து வைப்பார். அது எந்தச் சாதி என்று எதிராளிக்கும் தெரியாது, எதிரே இருக்கும் தன் துணைவருக்கும் தெரியாது. மற்ற நான்கு காட்ஸ் அதன் பிறகே வரும். ஆகவே துணைவரிடம் என்ன இருக்கும் என்று அறியாமலே அவரை நம்பிக் கேட்க வேண்டும்; என்ன துரும்பு என்று அறியாமலே அவர் உதவ வேண்டும். கண்காட்டுவதும் காலால் மிதிப்பதும் அளாப்பல். இந்த விளையாட்டில் கட்டளையிடுவதற்கு இடமேயில்லை.

இதனால்தான் சோடி சேர்ப்பது பெரிய கலையாக இருந்தது. இரண்டு விண்ணர்களை எதிரெதிரே இருத்தமாட்டார்கள். மற்றச் சோடிக்கு ஆட்டமே இராது. அவசரக்காரருக்குப் பொறுமைக்காரர். புதிதாகப் பழகும் பிள்ளைக்கு எதிரே, பிழைவிட்டால் முகம் சுளிக்காத ஒருவர். பிள்ளை கையிலுள்ள வெறும் ஏழு, துரும்பு ஏழானால், முப்பது புள்ளி ஜாக்கியை வெட்டிவிடும். தமிழில் துரும்பு என்றால் சிறு குச்சியும்தானே.

சோடி சேர்ப்பதன் முழு அர்த்தத்தையும் நான் அறிந்தது 304 இல் அல்ல, ஓமியில். அறிந்த நாள் 1983 யூலை 25.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது, அக்காவுக்குப் பதினைந்து. காலையிலேயே காலி வீதிப் பக்கம் புகை எழுந்தது. எங்கள் ஒழுங்கையில் பின்வீட்டுச் சிங்களக் குடும்பத்தினர் எங்களை மதிலுக்கு மேலால் தூக்கி எடுத்து, தங்கள் பின்னறையில் வைத்திருந்தனர். ஊரடங்குச் சட்டம் வந்தது. யன்னல் திறக்கக் கூடாது, தமிழ்க் குரல் வெளியே கேட்கக் கூடாது. அம்மா சுவரைப் பார்த்தபடி இருந்தார். எங்கள் வீடு எரிந்த மணம் அந்த அறைக்குள்ளும் வந்தது.

இரண்டாம் நாள் பின்னேரம் அவ்வீட்டுக் கிழவி ஒரு பழைய காட்ஸ் கட்டோடு வந்து பாயில் இருந்தார். அவரை அவ்வீட்டார் ஆச்சி என்றார்கள். எங்களுக்கும் பாட்டி ஆச்சிதான். பேரனையும் அழைத்தார். அவனுக்கு என் வயது. அவனுக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்குச் சிங்களம் அரைகுறை. ஓமியும் 32 காட்ஸ், இரண்டு சோடி, முதலில் நான்கைப் பார்த்துத் துரும்பு சொல்லுதல். நானும் அக்காவும் வழக்கம்போல எதிரெதிரே அமர்ந்தோம். ஆச்சி பேசாமல் என் தோளைப் பிடித்துத் தூக்கித் தனக்கு எதிரே இருத்தினார். அக்காவைப் பேரனுக்கு எதிரே அனுப்பினார். அவ்வளவுதான்.

அந்த ஒழுங்கைக்கு வெளியே நாடு இரண்டு அணியாகப் பிரிந்து நின்றது. அந்தப் பாயில் அப்படி ஓர் அணிபிரிவு நிகழ அவர் விடவில்லை. மூன்று நாட்கள், துரும்பு, கலாபர, ஹாரத என்னும் சொற்களைக் குசுகுசுத்தபடி ஆடினோம். அவர் ஒருமுறையேனும் எனக்கு எதைப் போடு என்று சொன்னதில்லை. நான் பிழையாகப் போட்டுத் தோற்றபோதும் காட்ஸைக் கலைத்து மறுபடி பகிர்ந்தார். கையில் எட்டுக் காட்ஸ் இருக்கும்வரை எனக்குச் செய்வதற்கு ஒரு வேலை இருந்தது. அதை என்னைத் தவிர வேறு எவரும் செய்ய முடியாது. அந்நாட்களில் நான் அழாமல் இருந்ததற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. நான்காம் நாள் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமுக்குப் போனோம். அக்கா சில ஆண்டுகளின் பின் சுவிஸுக்குப் போனார்.

அங்கு நாட்டு விளையாட்டு 'யாஸ்'. அதிலும் துரும்பு ஜாக்கிக்கு 20, ஒன்பதுக்கு 14, எதிரெதிரே சோடி. 1796 இல், ஒல்லாந்தர் கொழும்பை இழந்த அதே ஆண்டில், ஷவ்ஹவுசன் மாநிலத்தில் இரு குடியானவர்கள் வைனுக்காக ஆடிய செய்தியே அந்நாட்டில் அதைப் பற்றிய முதற் பதிவு. 304 ஐ நான் பிள்ளைகளுக்குக் காட்டியபோது நடுவிலாள், "இது யாஸ்தானே, சின்னத் தாத்தா" என்றாள். ஓடிப்போன ஊரிலும் விளையாட்டின் உறவுக்காரர் ஒருவர் நமக்கு முன்பே போய் இருந்திருக்கிறார்.

மறுநாள் மறுபடியும் பெட்டியைத் திறந்தோம். இம்முறை இருக்கையை நான் ஒழுங்கு செய்தேன். முன்னே நின்று அடிவாங்கும் வீரன் மூத்தவனுக்கு, பொறுமை பழகட்டும். பல விதிகள் கொண்ட மந்திரவாதி, வாசிப்பில் கெட்டியான தங்கைக்கு. வழி பார்க்கும் வேவுகாரன் எனக்கு. மருத்துவச்சி கடைக்குட்டிக்கு. அவளுக்கு ஒரேயொரு விதி: தன் முறை வரும்போது யாராவது ஒருவரின் காயத்தை ஆற்றலாம். யாருடையது என்று அவன் மட்டுமே தீர்மானிக்க வேண்டும். வேறு எவரும் வாய் திறக்கக் கூடாது. சிறியவருக்குச் சிறிய விதி கொடுக்கலாம், சிறிய வேலை கொடுக்கலாகாது என்பதே இத்தனை வரலாற்றிலிருந்தும் நான் பெற்ற பாடம்.

ஐந்தாம் சுற்றில் பிழையான ஆளுக்கு மருந்து கட்டினான். மூத்தவன் வாயைத் திறந்தான், நான் பார்த்தேன், மூடிக்கொண்டான். கோட்டை வாசலில் தோற்றோம். இம்முறை ஒருவரும் பல்கனிக்குப் போகவில்லை. கடைக்குட்டியே காட்ஸைக் கலைத்தான்.

அடுத்த ஆட்டத்தில் தன் முறை வந்ததும் அவன் நால்வரின் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, பேர்ண் நகரத்துத் தமிழில் கேட்டான்:

"ஆருக்கு நோகுது?"