கால்வெஸ்டன் 1900: கணக்கில் வராத புயல்

வணிகவியல் படிக்கிற எல்லோருக்கும் தெரிந்த ஒரு சொல் 'வாரா ஐயக்கடன் ஒதுக்கு'. கடன் வாங்கியவர்களில் சிலர் திருப்பித் தர மாட்டார்கள். யார் என்று இன்று தெரியாது. ஆனாலும் இந்த வருட லாபத்திலேயே ஒரு தொகையைக் கழித்து வைத்துவிட வேண்டும். வரக்கூடிய நட்டத்துக்கு முன்கூட்டியே இடம் விடுவது, அவ்வளவுதான் விஷயம். வியாபாரத்தில் கரைகண்ட ஒரு நகரம் இந்தச் சின்னப் பாடத்தை மறந்ததால் என்ன ஆனது என்பதுதான் இந்தக் கட்டுரை.

அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலக் கரையை ஒட்டி, மெக்சிகோ வளைகுடாவில் இருக்கும் நீளமான மணல் தீவு கால்வெஸ்டன். 1900-ல் அங்கே சுமார் 37,800 பேர் வசித்தார்கள். நாட்டின் முன்னணிப் பருத்தித் துறைமுகங்களில் அது ஒன்று. வங்கிகள், மாளிகைகள், டிராம் வண்டிகள் என்று எல்லாம் இருந்தன. ஆனால் ஊரின் மிக உயரமான இடமே கடல் மட்டத்திலிருந்து 9 அடிக்கும் குறைவு!

எச்சரிக்கை இல்லாமல் இல்லை. அதே டெக்ஸஸ் கரையில் இந்தியனோலா என்று ஒரு துறைமுக ஊர் இருந்தது. 1875-ல் ஒரு புயல் அதைச் சிதைத்தது. மீண்டும் கட்டினார்கள். 1886-ல் இன்னொரு புயல் அடித்தது. அதோடு அந்த ஊரையே கைவிட்டுவிட்டார்கள். அதைப் பார்த்துப் பயந்து, கடலுக்குக் குறுக்கே ஒரு சுவர் கட்டலாம் என்ற பேச்சு கால்வெஸ்டனிலும் எழுந்தது. பேச்சோடு நின்றது.

1891-ல் உள்ளூர் வானிலை அதிகாரி ஐசக் கிளைன் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். கரையோரக் கடல் ஆழமற்றது, பெரிய அலைகள் வலுவிழந்துதான் வந்து சேரும், புயலால் இந்த ஊருக்குப் பெரிய ஆபத்து வரும் என்பது வீண் பயம் என்பது அவர் வாதம். உண்மை நேர் எதிரானது. ஆழமற்ற கடலில்தான் புயல் தள்ளும் தண்ணீர் மேலும் உயரமாகக் குவியும். செலவு செய்ய மனமில்லாதவர்களுக்கு ஒரு நிபுணரே சாதகமாகப் பேசினால் வேறென்ன வேண்டும்?

1900 செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு புயல் கியூபாவைக் கடந்தது. அங்கிருந்த வானிலையாளர்களுக்குப் புயல்களைக் கவனிப்பதில் நீண்ட அனுபவம் உண்டு. அது வளைகுடாவில் மேற்கு நோக்கி டெக்ஸஸ் பக்கம் போகும் என்று அவர்கள் கணித்தார்கள். வாஷிங்டனிலிருந்த வானிலைத் துறையோ, புளோரிடா வழியாக வளைந்து அட்லாண்டிக் பக்கம் போய்விடும் என்றது. 1898 போருக்குப் பிறகு கியூபா அமெரிக்கக் கட்டுப்பாட்டில் இருந்த காலம் அது. கியூபர்களின் வானிலைத் தந்திகளுக்கே தடை போட்டிருந்தார்கள். கடலில் இருந்த கப்பல்களிலும் செய்தி அனுப்பும் வசதி கிடையாது. கடைசியில் வெள்ளிக்கிழமை, செப்டம்பர் 7 அன்று கால்வெஸ்டனில் புயல் எச்சரிக்கைக் கொடி ஏறியது.

மறுநாள் காலை பெரிய அலைகளைப் பார்க்க மக்கள் கடற்கரைக்கு வந்தார்கள். தெருவில் தேங்கிய தண்ணீரில் பிள்ளைகள் விளையாடினார்கள். பிற்பகலுக்குள் தரைப்பகுதிக்குப் போகும் பாலங்கள் துண்டிக்கப்பட்டுவிட்டன. மாலையில் காற்று 100 மைல் வேகத்தைக் காட்டிய பிறகு, அதை அளக்கும் கருவியே பறந்துவிட்டது. இரவு ஏழரை மணி வாக்கில் சில நொடிகளில் தண்ணீர் நான்கு அடி உயர்ந்ததாகக் கிளைன் பின்னர் எழுதினார். மொத்தத்தில் கடல் 15 அடிக்கு மேல் ஏறியது. உறுதியானது என்று நம்பி ஐம்பது பேர் அளவில் அவர் வீட்டில் தஞ்சம் புகுந்திருந்தார்கள். அந்த வீடும் இடிந்தது. கர்ப்பமாக இருந்த அவர் மனைவி அதில் இறந்துபோனார்.

கடற்கரையோரம் செயின்ட் மேரீஸ் அனாதை இல்லம் இருந்தது. அங்கிருந்த கன்னியாஸ்திரிகள் துணி காயப்போடும் கயிற்றால் பிள்ளைகளைத் தங்கள் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். பத்து கன்னியாஸ்திரிகளும் 90 பிள்ளைகளும் இறந்தார்கள். பிழைத்தவர்கள் மூன்று சிறுவர்கள் மட்டுமே.

மொத்தம் எத்தனை பேர்? சரியான கணக்கு கிடையாது. ஆறாயிரம் முதல் பன்னிரண்டாயிரம் வரை சொல்கிறார்கள். அமெரிக்க வரலாற்றில் இவ்வளவு உயிர்களைப் பறித்த இயற்கைப் பேரிடர் வேறில்லை. உடல்களைப் படகில் ஏற்றிக் கடலில் போட்டார்கள். அலை அவற்றைக் கரைக்கே திருப்பிக் கொண்டுவந்தது. பிறகு வாரக்கணக்கில் எரித்தார்கள். அந்த வேலைக்குக் கறுப்பின ஆண்களைத் துப்பாக்கி முனையில் பிடித்துக்கொண்டு போனதும் இந்தக் கதையில் ஒரு பகுதிதான்.

இதற்குப் பிறகுதான் சுவர் வந்தது. 1902-ல் வேலை தொடங்கி, 1904-ல் 17 அடி உயரத்தில் மூன்று மைலுக்கு மேல் நீண்ட சுவர் எழுந்தது. அதோடு விடவில்லை, ஊரையே உயர்த்தினார்கள்! இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களைத் திருகு ஜாக்கிகளால் தூக்கி, அடியில் கடல் மணலை நிரப்பினார்கள். வீட்டைத் தூக்கும் செலவு வீட்டுக்காரருடையது. ஆண்டுக்கணக்கில் மக்கள் பலகைப் பாலங்களில் நடந்தார்கள். 1915-ல் கிட்டத்தட்ட அதே வலுவுள்ள புயல் வந்தபோது, நகரத்துக்குள் இறந்தவர்கள் மிகச் சிலரே.

புயலால் ஏற்பட்ட சொத்து நட்டத்தோடு ஒப்பிட்டால் அந்தச் சுவரின் செலவு ஒரு சிறு பங்குதான். ஆனால் இழந்த வியாபாரம் திரும்பி வரவில்லை. 1914-ல் உள்நாட்டிலிருந்த ஹூஸ்டனுக்குப் பெரிய கப்பல் கால்வாய் திறந்தது. வணிகம் அந்தப் பக்கம் போய்விட்டது.

கதை அங்கேயும் முடியவில்லை. 2008-ல் 'ஐக்' புயல் வந்தபோது அந்தச் சுவர் அலைகளைத் தாங்கியது. ஆனால் தண்ணீர் சுவரே இல்லாத பின்பக்க விரிகுடா வழியாக ஊருக்குள் புகுந்தது.

'ஒதுக்கு' என்பது ஒருமுறை எழுதி மூடிவிடும் பதிவு அல்ல, ஒவ்வொரு வருடமும் திருத்தி எழுத வேண்டியது என்று எங்கள் வகுப்பில் சொல்வார்கள். "இதுவரை ஒன்றும் ஆகவில்லையே" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்குக் கால்வெஸ்டன்தான் நினைவுக்கு வருகிறது. 1900 செப்டம்பர் 7 வரை அவர்களும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.