கம்ப்யூட்டர் சொந்தமா வாங்கணுமா, மாத வாடகை போதுமா? 'கிளவுட் பிசி' பற்றித் தெரிஞ்சுக்கோங்க

பிள்ளைங்க படிப்புக்கு கம்ப்யூட்டர் தேவை, ஆனா மொத்தமா பணம் புரட்ட முடியலையா? இப்படிப்பட்ட குடும்பங்களுக்கும் ஒரு வழியாகச் சொல்லப்படுவதுதான் 'கிளவுட் பிசி'. மைக்ரோசாஃப்ட் 2021-ல் 'விண்டோஸ் 365' என்ற பெயரில் நிறுவனங்களுக்காக இந்தச் சேவையைத் தொடங்கியது. இந்தியாவில் வீடுகளுக்கான 'ஜியோபிசி' 2025 ஜூலையில் வந்தது.

எப்படி வேலை செய்கிறது?

பிராசசர், ரேம், ஸ்டோரேஜ் எல்லாம் நிறுவனத்தின் டேட்டா சென்டரில் இருக்கும். வீட்டில் திரை, கீபோர்டு, மவுஸ், இவற்றை இணையத்தோடு இணைக்கும் ஒரு சாதனம் இருந்தால் போதும். நீங்க டைப் செய்வது இணையம் வழியாக அங்கே போகும். அங்கே நடக்கும் வேலை உங்கள் திரையில் தெரியும். ஜியோபிசியில் செட்-டாப் பாக்ஸ் மூலம் டிவியே கம்ப்யூட்டர் திரையாகிவிடும்.

செலவு எவ்வளவு?

ஜியோபிசி அறிமுகமானபோது ஒரு மாதத் திட்டத்தின் விலை 599 ரூபாய். 18% ஜிஎஸ்டி சேர்த்தால் சுமார் 707 ரூபாய். இதே கணக்கில் மாதாமாதம் கட்டினால் 5 ஆண்டுகளில் 42,000 ரூபாயைத் தாண்டும். இணையக் கட்டணம் தனி. நீண்டகாலத் திட்டம் எடுத்தால் செலவு குறையும். டேட்டா சென்டரில் இருக்கும் பாகங்களின் ரிப்பேர் செலவு பற்றிய கவலை உங்களுக்கு இல்லை. ஆனா எத்தனை வருஷம் கட்டினாலும் அந்தக் கம்ப்யூட்டர் உங்களுக்குச் சொந்தமாகாது.

சிக்கல் எங்கே?

நெட் நின்றால் வேலையும் நிற்கும். நிறுவனமே கடையைச் சாத்தினால்? கூகுளின் கிளவுட் கேமிங் சேவையான 'ஸ்டேடியா' 2019 நவம்பரில் தொடங்கி, 2023 ஜனவரி 18-ல் மூடப்பட்டது. வாங்கிய கேம்களுக்கான பணத்தை கூகுள் திருப்பிக் கொடுத்தது. ஆனா காசு கொடுத்து வாங்கிய அந்த கேம்களை அதில் மறுபடி விளையாட வழியில்லை. கேம் போனால் பரவாயில்லை. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டும் கடைக் கணக்கும் போனால்?

யாருக்கு எது சரி?

சில மாதத் தேவை, ஆன்லைன் வகுப்பு, டைப்பிங் போன்ற எளிய வேலை, நல்ல பிராட்பேண்ட் இணைப்பு... இதெல்லாம் இருந்தால் வாடகை பிசி கைகொடுக்கும். நெட் அடிக்கடி கட்டாகும் ஊர், பல வருஷத் தேவை என்றால் சொந்த கம்ப்யூட்டரே நல்லது.

சந்தா எடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்க: 'பணம் கட்டுவதை நிறுத்தினால் என் ஃபைல்கள் எத்தனை நாள் இருக்கும்?' பதில் எதுவானாலும், முக்கியமான ஃபைல்களின் காப்பி ஒன்றை உங்கள் கையில் இருக்கும் பென் டிரைவிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ வச்சுக்கோங்க.