‘நம்மவர்’ என்னும் சொல்: குத்துச்சண்டை மேடையில் இனமும் நாடும்

தமிழில் தன்மைப் பன்மையைக் குறிக்க இரண்டு சொற்கள் வழங்குகின்றன. கேட்பவரையும் உடன் சேர்த்துப் பேசினால் ‘நாம்’ என்கிறோம். கேட்பவரை விலக்கிப் பேசினால் ‘நாங்கள்’ என்கிறோம். முன்னதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று இலக்கண நூலார் வழங்குவர். நாம் நாள்தோறும் செவிமடுக்கும் மலாய் மொழியிலும் இவ்வேறுபாடு உண்டு. ‘கீத்தா’ கேட்பவரை உளப்படுத்தும். ‘காமி’ அவரை நீக்கி நிற்கும். ஆங்கிலத்திலோ இரு பொருளுக்கும் ஒரே சொல்தான். வெற்றி கிட்டியது எங்களுக்கா, நமக்கா என்பதை அம்மொழியின் சொல் காட்டாது. இடம் நோக்கியே உணர வேண்டும்.

விளையாட்டு ரசிகர் நாவில் இச்சொல் எளிதாக வந்துவிடுகிறது. மேடையில் ஒரு குத்தும் விடாதவர், ஒரு குத்தும் வாங்காதவர், ‘நாம் வென்றோம்’ என்கிறார். வென்றவரை ‘நம்மவர்’ என்கிறார். அந்த ‘நாம்’ யாரை உளப்படுத்துகிறது, யாரை விலக்குகிறது, எவ்வளவு காலத்துக்கு உளப்படுத்துகிறது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. அதற்கு விடை காணத் தொழில்முறைக் குத்துச்சண்டையின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறோம்.

குத்துச்சண்டையைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. ஒலிம்பிக் போட்டிக்கு வீரரை அனுப்புவது நாடு. தொழில்முறை வீரரோ தம் பிழைப்புக்காக மோதுபவர். எந்த நாடும் அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்புவதில்லை. காற்பந்தாட்டத்தில் பதினொருவர் ஒரே சீருடையில் ஆடுகின்றனர். இங்கே இருவர் மட்டுமே வெற்றுடம்போடு விளக்கொளியில் நிற்கின்றனர். அவர்கள் எந்த நாட்டுக்காக, எந்த இனத்துக்காக நிற்கின்றனர் என்பதைப் பெரும்பாலும் பார்வையாளரும் செய்தித்தாள்களும் போட்டி ஏற்பாட்டாளர்களுமே முடிவு செய்கின்றனர்.

நாட்டை மறைத்த நிறம்

1908ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் மிகுஎடைப் பிரிவின் உலகப் பட்டத்துக்கான போட்டி நடைபெற்றது. பட்டத்தை வைத்திருந்த டாமி பர்ன்ஸ் கனடா நாட்டவர். அவரை எதிர்த்த ஜாக் ஜான்சன் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த கறுப்பினத்தவர். கூடியிருந்த ஆஸ்திரேலியருக்கு இருவருமே அயல்நாட்டார்தாம். ஆயினும் கூட்டத்தில் பெரும்பாலோர் பர்ன்ஸ் பக்கமே நின்றனர். வெள்ளையரல்லாதார் குடியேறுவதைத் தடுப்பதற்கென 1901இல் சட்டம் இயற்றிய நாடு அது. பதினான்காம் சுற்றில் காவல்துறையினர் தலையிட்டுப் போட்டியை நிறுத்தினர். அப்பிரிவில் உலகப் பட்டம் வென்ற முதல் கறுப்பினத்தவர் என்னும் பெருமை ஜான்சனுக்குக் கிட்டியது.

அப்போட்டியைக் கண்டு அமெரிக்க நாளிதழுக்குச் செய்தி எழுதிய எழுத்தாளர் ஜாக் லண்டன், ஓய்வுபெற்றிருந்த முன்னாள் வெற்றியாளர் ஜேம்ஸ் ஜெஃப்ரிஸ் திரும்பி வந்து ஜான்சனை வீழ்த்த வேண்டும் என்று அழைப்பு விடுத்தார். பட்டம் தம்மிடம் இருந்தபோது கறுப்பினத்தவருடன் பட்டத்துக்காக மோத மறுத்தவர் இந்த ஜெஃப்ரிஸ். இக்காலத்தில் ‘வெள்ளை நம்பிக்கை’ என்னும் தொடர் அமெரிக்க ஆங்கிலத்தில் பரவியது. ஜான்சனை வெல்லக்கூடிய வெள்ளைக்கார வீரர் எவராயினும் அவருக்கு அப்பெயர் வழங்கிற்று. நம் இலக்கணப்படி இதனைப் பண்பாகுபெயர் எனலாம்: நம்பிக்கை என்னும் பண்பின் பெயர் அதைச் சுமக்கும் ஆளுக்கு ஆகி வந்தது. அந்த நம்பிக்கை யாருடையது என்பதைச் சொல்வதற்கு ‘வெள்ளை’ என்னும் அடைமொழியே போதுமானதாக இருந்தது.

1910 ஜூலை 4ஆம் நாள் நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் இருவரும் மோதினர். இருவரும் அமெரிக்கர், அந்நாளோ அமெரிக்க விடுதலை நாள். நாட்டுப்பற்று ஒன்றே அளவுகோலாக இருந்திருந்தால், யார் வென்றாலும் அது அந்நாட்டின் வெற்றியே. அவ்வாறு நிகழவில்லை. பதினைந்தாம் சுற்றில் ஜெஃப்ரிஸ் வீழ்ந்தார். செய்தி தந்திவழிப் பரவிய அன்றிரவே பல நகரங்களில் கலவரம் மூண்டது. பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். ‘நாங்கள் வென்றோம்’ என்று அவர்கள் மகிழ்ந்ததையே பொறுக்க முடியாத சமூகமாக அது இருந்தது. போட்டியின் திரைப்படத்தைப் பல நகரங்களும் மாநிலங்களும் தடை செய்தன. குத்துச்சண்டைப் படங்களை ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்குக் கொண்டு செல்வதைத் தடுக்கும் சட்டத்தை 1912இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றியது.

1915இல் ஹவானா நகரில் ஜெஸ் வில்லார்டிடம் ஜான்சன் பட்டத்தை இழந்தார். அதன்பின் 1937 வரை, இருபத்திரண்டு ஆண்டுகள், மிகுஎடைப் பிரிவின் உலகப் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பு கறுப்பின வீரர் ஒருவருக்கும் தரப்படவில்லை.

பிரிட்டனின் நிலையும் இதனின்று பெரிதும் வேறுபட்டதன்று. 1911இல் லண்டனில் ஜான்சனும் ஆங்கிலேய வீரர் பில்லி வெல்ஸும் மோதவிருந்தனர். அப்போது உள்துறை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சிலின் எதிர்ப்பால் அப்போட்டி கைவிடப்பட்டது. பிரிட்டிஷ் பட்டத்துக்கு மோதுபவரின் தாய் தந்தையர் இருவரும் வெள்ளையராக இருத்தல் வேண்டும் என்னும் விதி 1948 வரை நடைமுறையில் இருந்தது. லெமிங்டன் நகரில் பிறந்த டிக் டர்ப்பின், தந்தை பிரிட்டிஷ் கயானாவிலிருந்து வந்தவர் என்பதால், தாம் பிறந்த நாட்டின் பட்டத்துக்கு நெடுங்காலம் மோத இயலவில்லை. விதி நீங்கிய 1948இலேயே அவர் நடுஎடைப் பிரிவில் அப்பட்டத்தை வென்றார். மூன்றே ஆண்டுகளில் அவர் தம்பி ராண்டால்ஃப் டர்ப்பின், புகழ்பெற்ற அமெரிக்க வீரர் சுகர் ரே ராபின்சனை லண்டனில் வென்றபோது நாடே கொண்டாடியது. ஒரே வீட்டுப் பிள்ளைகளை விலக்கியதும் ஏற்றதும் ஒரே நாடுதான்.

இரண்டு நிமிடம் நான்கு வினாடி

ஜோ லூயிஸ் 1914இல் அலபாமா மாநிலத்தில் பிறந்து டெட்ராய்ட் நகரில் வளர்ந்தவர். ஜான்சனுக்கு நேர்ந்ததை அவருடைய மேலாளர்கள் மறக்கவில்லை. வெள்ளையினப் பெண்ணுடன் நிழற்படம் எடுத்துக்கொள்ளலாகாது, வீழ்ந்த எதிரியின்முன் களிக்கலாகாது என்றெல்லாம் அவருக்குக் கட்டுப்பாடுகள் விதித்தனர். வென்றவர் தம் வெற்றியை முகத்திலும் காட்டக்கூடாது என்பதே அதன் பொருள்.

1935 ஜூன் மாதம் இத்தாலிய வீரர் பிரிமோ கார்னேராவை லூயிஸ் ஆறாம் சுற்றில் வென்றார். முசோலினியின் படைகள் எத்தியோப்பியாமீது பாயக் காத்திருந்த நேரம் அது. அமெரிக்கக் கறுப்பின மக்கள் பலர் அவ்வெற்றியைத் தங்கள் முன்னோர் கண்டத்தின் வெற்றியாகவே கண்டனர். அடுத்த ஆண்டு ஜூன் 19ஆம் நாள் ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங் நியூயார்க்கில் லூயிஸைப் பன்னிரண்டாம் சுற்றில் வீழ்த்தினார். அமெரிக்க வெள்ளையருள், சிறப்பாகத் தென்மாநிலத்தாருள், பலர் அதனைக் கண்டு மகிழ்ந்தனர். தம் நாட்டவர் தோற்றதைவிடக் கறுப்பினத்தவர் தோற்றதே அவர்கள் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

1937இல் லூயிஸ் உலகப் பட்டம் வென்றார். 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டார். அவ்வாண்டு ஜூன் 22ஆம் நாள், ஏறத்தாழ 70,000 பேர் திரண்டிருந்த யாங்கி அரங்கில், லூயிஸும் ஷ்மெலிங்கும் மீண்டும் மோதினர். இம்முறை லூயிஸை மக்களாட்சியின் சார்பாளராகவும் ஷ்மெலிங்கை நாஜிக் கொள்கையின் சார்பாளராகவும் செய்தித்தாள்கள் காட்டின. இரண்டு நிமிடம் நான்கு வினாடியில் போட்டி முடிந்தது. ஈராண்டுக்கு முன் லூயிஸின் தோல்வியில் மகிழ்ந்த நாடு, இப்போது ‘நம்மவர் வென்றார்’ என்றது. கறுப்பினத்தவர் ஒருவரை அமெரிக்காவின் ‘நாம்’ அதுவரை அவ்வளவு பரவலாக உளப்படுத்தியதில்லை.

ஷ்மெலிங்கின்மீது சுமத்தப்பட்ட அடையாளமும் முழுதும் அவருடையதன்று. அவர் நாஜிக் கட்சியில் சேரவில்லை. தம் யூத மேலாளரைக் கைவிடவும் இல்லை. 1938 நவம்பரில் யூதர்மீது தாக்குதல் நடந்தபோது யூதச் சிறுவர் இருவரைத் தம் அறையில் மறைத்துக் காத்தார். எனினும் ஹிட்லர் அளித்த வரவேற்பை ஏற்றவரும் அவரே. இவ்விரண்டையும் சேர்த்தே அவரை நாம் மதிப்பிட வேண்டும்.

லூயிஸை உளப்படுத்திய ‘நாம்’ எவ்வளவு காலம் நீடித்தது? 1942 ஜனவரியில் அவர் தம் போட்டி ஊதியத்தைக் கடற்படை நலநிதிக்கு வழங்கினார். அந்நாளில் அமெரிக்கக் கடற்படை கறுப்பினத்தவரைச் சமையல், பரிமாறல் பணிகளுக்கே சேர்த்துக்கொண்டிருந்தது. மறுநாளே அவர் தரைப்படையில் சேர்ந்தார். அப்படையிலும் கறுப்பினத்தவருக்குத் தனிப் பிரிவுகளே இருந்தன. இப்பிரிவினையை நீக்கும் ஆணை 1948இல்தான் பிறந்தது. பின்னாளில் வரித்துறை லூயிஸைப் பல்லாண்டு துரத்தியது. கடனை அடைக்க அவர் மற்போர் மேடையிலும் ஏறினார்.

அக்காலச் செய்தித்தாள்களின் மொழியிலும் இதற்குச் சான்றுண்டு. வெள்ளையின வெற்றியாளர் ஜாக் டெம்ப்சிக்குப் பட்டப்பெயர் அவர் பிறந்த ஊரைக்கொண்டு அமைந்தது; ஜெஃப்ரிஸுக்கு அவர் பார்த்த கொதிகலன் தொழிலைக்கொண்டு அமைந்தது. லூயிஸுக்கு வாய்த்ததோ ‘பழுப்புக் குண்டுவீச்சாளர்’. ‘தம் இனத்துக்குப் பெருமை சேர்ப்பவர்’ என்றும் அவரைப் புகழ்ந்தனர். டெம்ப்சியை அப்படி எவரும் புகழ்ந்ததாக நாம் அறியோம். புகழ்மொழியே ஒருவரை வெளியே நிறுத்தக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

நிறம் மட்டுமன்று

இதுவரை கண்டவற்றால், ரசிகர் ஆதரவு நிறத்தையே பின்தொடரும் என்று முடிவு கட்டினால் அது பிழையாகும். 1974 அக்டோபர் 30ஆம் நாள் ஜயர் நாட்டின் கின்ஷாசாவில் முகம்மது அலியும் ஜார்ஜ் ஃபோர்மனும் மோதினர். இருவரும் அமெரிக்கர்; இருவரும் கறுப்பினத்தவர். ஆயினும் அரங்கு அலியின் பக்கமே நின்றது. ‘அலி, பொமாயே’ என்று லிங்காலா மொழியில் முழங்கியது. ‘அலி, அவனைக் கொல்’ என்பது அதன் நேர்ப்பொருள். வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்து 1967இல் பட்டத்தை இழந்தவர் அலி. 1968 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றதும் சிறிய அமெரிக்கக் கொடியை அசைத்துக் காட்டியவர் ஃபோர்மன். தம் நாட்டு அரசை எதிர்த்து நின்றவரையே அயல்நாட்டு மக்கள் தம்மவராகக் கொண்டனர்.

அலியின் பெயரே ஒரு போர்க்களமாக இருந்தது. 1964இல் அவர் தம் பழைய பெயரைத் துறந்தார். செய்தியாளர் பலர் பல்லாண்டு அப்புதுப் பெயரை வழங்க மறுத்தனர். ஒருவர் தமக்கு இட்டுக்கொண்ட பெயரால் அவரை அழைக்க மறுப்பதும் விலக்கலின் ஒரு வகையே.

மறு ஆண்டு, 1975 ஜூலை 1ஆம் நாள், அதே அலி கோலாலம்பூரின் மெர்டேக்கா அரங்கில் மேடையேறினார். 1957இல் மலாயாவின் விடுதலை முழங்கிய அரங்கு அது. அவரை எதிர்த்தவர் ஜோ பக்னர். ஹங்கேரியில் பிறந்து, அகதிச் சிறுவராகப் பிரிட்டன் வந்து, அந்நாட்டின் சார்பில் மோதியவர். பின்னாளில் ஆஸ்திரேலியாவில் குடியேறி அந்நாட்டவராகவும் அறியப்பட்டவர். பதினைந்து சுற்றுகளுக்குப் பின் நடுவர்கள் அலிக்கே வெற்றியளித்தனர். மலேசியர் பலர் அலியைத் தம் சமயத்தவராகக் கண்டு வரவேற்றனர். சமயத்தால் ஒன்றாதாரும் அவருடைய துணிவுக்காக அவரை விரும்பினர். ஒரே வீரருக்கு நாட்டாலும் நிறத்தாலும் சமயத்தாலும் கொள்கையாலும் வெவ்வேறு ‘நாம்’ அமைந்ததை அந்த அரங்கு காட்டியது.

வகுப்பறைக்கு ஒரு பயிற்சி

நம்மவரை ஆதரிப்பது இயல்பு, அதில் குற்றமில்லை. பல இனத்தார் சேர்ந்து வாழும் நாடுகளில் ஆசிரியரும் மாணவரும் எண்ண வேண்டியது வேறொன்று. நம் ‘நாம்’ வெற்றி நாளில் ஒருவரை உளப்படுத்திவிட்டு, வேலைக்கும் வீட்டுக்கும் அவர் விண்ணப்பிக்கும் நாளில் ‘நாங்க’ளாகச் சுருங்குகிறதா? ஜோ லூயிஸுக்கு அவருடைய நாடு செய்தது அதுவே. 1981இல் அவர் மறைந்தபோது, தேசிய வீரர்களுக்குரிய ஆர்லிங்டன் இடுகாட்டில் படைமரியாதையுடன் அடக்கம் செய்தனர். அச்செலவில் ஒரு பங்கை ஏற்றவர், அவருடைய பழைய எதிரியும் பிற்கால நண்பருமான ஷ்மெலிங்.

ஆசிரியர்கள் ஒரு பயிற்சியை மேற்கொள்ளலாம். ஆங்கில நாளிதழின் விளையாட்டுச் செய்தி ஒன்றை மாணவரிடம் தந்து தமிழாக்கச் சொல்லுங்கள். ‘நாம்’, ‘நாங்கள்’ ஆகிய இரண்டில் ஒன்றை ஒவ்வோரிடத்திலும் அவர்கள் தேர்ந்தாக வேண்டும். ஏன் அதைத் தேர்ந்தனர், யாரைச் சேர்த்தனர், யாரை விட்டனர் என்று கேளுங்கள். ஆங்கிலம் மூடிவைக்கும் வினாவைத் தமிழும் மலாயும் திறந்துவைக்கின்றன. அவ்வினாவுக்கு நேர்மையான விடை எழுதப் பழகிய மாணவர், அரங்கை விட்டு வெளியே வந்த பின்னும் அதனை மறக்கமாட்டார்.