இசைத்தட்டில் அடங்காத முரசு

ஆப்பிரிக்காவின் புருண்டி நாட்டில் 'இங்கோமா' என்றால் முரசு. அரசு என்றும் அர்த்தம் உண்டு! 1966-ல் மன்னராட்சி ஒழிந்தது. மறு வருடமே அந்த முரசொலியைப் பிரெஞ்சுக்காரர்கள் பதிவு செய்தார்கள். 1975-ல் பாடகி ஜோனி மிட்செல் அந்தப் பதிவையே எடுத்துத் தன் பாட்டுக்கு அடியில் ஓடவிட்டார். உலகம் கேட்டது... ஆனால் காதில் விழுந்தது இடிமுழக்கம் மட்டும்தான்.

நேரில் பார்த்தால்தான் விஷயமே புரியும். கனத்த மரமுரசுகளைத் தலையில் சுமந்து, அடித்துக்கொண்டே வருவார்கள். பிறகு அரைவட்டமாக நிற்பார்கள். நடுவில் 'இன்கிரான்யா' என்ற முரசு. அதை அடிப்பவர் ஆடுவார், துள்ளிக் குதிப்பார். அவர் தாளத்தை மாற்றினால் சில முரசுகள் கூடவே மாறும். மற்றவை ஒரே சீராக அடித்துக்கொண்டிருக்கும். யார் முன்னே போகிறார், யார் பின்தொடர்கிறார் என்பது இசைத்தட்டில் எங்கே தெரியும்? 1982-ல் இங்கிலாந்தில் நடந்த முதல் வோமாட் விழாவுக்குப் போனவர்கள் அதைக் கண்ணாலேயே பார்த்தார்கள்.