ஆறை நான்காக வகுத்த கணக்கு



"டீச்சர், நம்ம புதுக்கோட்டைக்கு இப்ப எம்.பி. யாரு?" என்று துபாயில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் கேட்டிருந்தான். அப்படி ஒருவர் இல்லையப்பா என்று மட்டும் பதில் போட்டேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டான் போல, சிரிப்புப் பொம்மை அனுப்பினான். கிண்டல் இல்லை. 2009இலிருந்து புதுக்கோட்டை என்ற பெயரில் மக்களவைத் தொகுதியே கிடையாது. அவன் அப்போது ஏழாவதோ எட்டாவதோ படித்துக்கொண்டிருந்திருப்பான். உங்களில் பலருக்கும் இது தெரிந்திருக்க நியாயமில்லை என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

நம்ம ஊர் ஒரு காலத்தில் தனி ராஜ்ஜியம். தொண்டைமான் மன்னர்கள், சொந்த நாணயமாக அம்மன் காசு, 1924இலேயே ஒரு சட்டசபை என்று எல்லாம் இருந்தது. 1948 மார்ச் 3ஆம் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியானது. அதற்குப் பிறகு 26 வருஷம் எந்தப் பெரிய காரியத்துக்கும் திருச்சிக்குத்தான் பஸ் ஏற வேண்டும். 1974 ஜனவரி 14, பொங்கல் நேரத்தில் புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆயிற்று. அறந்தாங்கிப் பக்கம் தஞ்சாவூரிலிருந்து வந்து சேர்ந்தது. மன்னரின் புது அரண்மனையே கலெக்டர் ஆபீஸ். சாதிச் சான்றுக்கும் பட்டாவுக்கும் அந்தப் படியில் ஏறி இறங்கியவர்கள்தான் நீங்கள் எல்லோரும்.

மாவட்டம் பறிபோன அந்த 26 வருஷத்திலும் ஒன்று மட்டும் நம்மிடம் இருந்தது. அதுதான் மக்களவைத் தொகுதி. 1952இல் நடந்த முதல் பொதுத்தேர்தலிலேயே புதுக்கோட்டைத் தொகுதி உண்டு. வென்றவர் வக்கீல் முத்துசாமி வல்லத்தரசு. காங்கிரஸ் அலை அடித்த காலத்தில் கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியில் நின்று ஜெயித்தவர். (பெயரில் 'வல்லம்' இருக்கிறதே, நம்ம வல்லத்திராக்கோட்டைக்காரரா என்று கேட்காதீர்கள். பெயரை வைத்து வரலாறு எழுதக்கூடாது என்று வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன்.) 1962இலும் 1967இலும் ரயில்வே தொழிலாளர் தலைவர் ஆர். உமாநாத் வென்றார். முதல் முறை கம்யூனிஸ்ட், இரண்டாம் முறை மார்க்சிஸ்ட். 1984, 1989, 1991 என்று மூன்று தேர்தலிலும் காங்கிரசின் என். சுந்தரராஜ். 1996இல் திருச்சி சிவா. 1999இல் நம்ம அறந்தாங்கி சு. திருநாவுக்கரசர், 2004இல் ரகுபதி. கடைசி இருவரும் மத்தியில் இணையமைச்சர்களாகவும் ஆனார்கள். எல்லாக் கட்சியும் வந்துபோன தொகுதி இது. இன்னாருடைய கோட்டை என்று யாரும் உரிமை கொண்டாட முடியவில்லை. ஒருவேளை அதனால்தான் போனபோது கட்டிப்பிடித்து அழவும் எந்தக் கட்சியும் வரவில்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

போனது எப்படி என்றால், 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் தொகுதி மறுவரையறை ஆணையம் அமைந்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்துக் கோடுகளைத் திருப்பிப் போட்டார்கள். தமிழ்நாட்டின் மொத்த இடம் 39, அதில் மாற்றமில்லை. உள்ளே மட்டும் மாற்றம். பெரியகுளம் போய்த் தேனி வந்தது. சிவகாசி போய் விருதுநகர் வந்தது. திருச்செந்தூர் போய்த் தூத்துக்குடி வந்தது. இப்படிப் பல இடங்களில் சிற்றூர் பெயர் போய் மாவட்டத் தலைநகர் பெயர் வந்தபோது, மாவட்டத் தலைநகரான புதுக்கோட்டையின் பெயர் அழிக்கப்பட்டது. 2008இல் அது அமலுக்கு வந்தது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஐந்தாம் வகுப்புக் கணக்குதான், பயப்படாதீர்கள். தமிழ்நாட்டில் 234 சட்டமன்றத் தொகுதிகள், 39 மக்களவைத் தொகுதிகள். 234ஐ 39ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 6. ஆறு சட்டமன்றத் தொகுதி சேர்ந்தால் ஒரு மக்களவைத் தொகுதி. சரி, மறுவரையறைக்குப் பிறகு நம்ம மாவட்டத்தில் சட்டமன்றத் தொகுதிகள் எத்தனை? கந்தர்வகோட்டை, விராலிமலை, புதுக்கோட்டை, திருமயம், ஆலங்குடி, அறந்தாங்கி. எண்ணிப் பாருங்கள். சரியாக ஆறு! கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். அப்படியே எடுத்து வைத்தால் ஒரு தொகுதி. முன்பு குளத்தூரோடு சேர்த்து ஐந்துதான் இருந்தது, திருமயமும் அப்போதே சிவகங்கையோடுதான் இருந்தது. ஆறு ஆனதும் முழு மாவட்டமும் ஒன்றாகியிருக்க வேண்டும். ஆனால் புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சிக்குப் போயின. திருமயமும் நம்ம ஆலங்குடியும் சிவகங்கைக்கு. அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு. விராலிமலை கரூருக்கு. ஆறை நான்கால் வகுத்தால் ஒன்றரை வரும். அதையும் அவர்கள் சரியாக வகுக்கவில்லை.

இதனால் சோறு வேகாமலா போயிற்று என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்பார். டி.வி. விவாதத்தை இரவு பத்து மணி வரை பார்த்துவிட்டு, யாரையாவது திட்டிவிட்டு, பிரஷர் மாத்திரையை மறந்துவிட்டுப் படுக்கிற மனிதர் அவர். அவருக்குப் பதிலாக ஒன்று சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் என் நாத்தனார் மகன் வளைகுடா நாடு ஒன்றில் மாட்டிக்கொண்டான். ஏஜெண்ட் சொன்ன வேலை வேறு, கொடுத்த வேலை வேறு. ஐந்து மாதச் சம்பளம் இல்லை, பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொண்டான். எம்.பி.யிடம் கடிதம் வாங்கி வெளியுறவுத் துறைக்கு அனுப்பினால் சீக்கிரம் நடக்கும் என்று யாரோ சொன்னார்கள். நாத்தனார் நகையை அடகு வைத்த காசில் கார் பிடித்து ஒரு எம்.பி. அலுவலகத்துக்குப் போனார். அரை நாள் உட்கார வைத்துவிட்டு, "அம்மா, உங்க ஊர் எங்க தொகுதியில வராதே" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். சரியான எம்.பி. யார், அவர் அலுவலகம் எந்த ஊரில் என்று கண்டுபிடித்துக் கடிதம் வாங்குவதற்குள் ஒன்பது நாள் போய்விட்டது. பிள்ளை நல்லபடியாக வந்து சேர்ந்தான். அந்த ஒன்பது நாள் ராத்திரியும் நாத்தனார் எங்கள் வீட்டுத் திண்ணையில் தூங்காமல் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். முன்பென்றால் புதுக்கோட்டை டவுனுக்கு ஒரு பஸ், அவ்வளவுதானே.

என் பேத்தி காதுகுத்துக்கு வந்த சொந்தங்களை எண்ணிப் பார்த்தேன். அறந்தாங்கிச் சித்தப்பா ராமநாதபுரம் வாக்காளர். கந்தர்வகோட்டை அண்ணன் திருச்சி வாக்காளர். விராலிமலைச் சம்பந்தி கரூர். நாங்கள் சிவகங்கை. மொய் நோட்டில் எல்லோரும் ஒரே பக்கத்தில் இருக்கிறார்கள், டெல்லியில் நான்கு பக்கம். கலெக்டர் ஒருவர்தான். ஆனால் ரயில், தேசிய நெடுஞ்சாலை, மத்திய நிதி என்று இந்த மாவட்டத்துக்காகப் பேச வேண்டியவர்கள் நான்கு பேர். அந்த நால்வரில் எவருக்கும் நம்ம மாவட்டம் பெரும்பான்மை இல்லை. அவர்களுடைய ஆறில் நாம் இரண்டு, அல்லது ஒன்று. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. முதுகுளத்தூர் வரை ஓட வேண்டியவருக்கு அறந்தாங்கி ஒரு ஓரம்தானே. அதற்காக நம்ம ஓட்டு செல்லாத காசு என்றும் சொல்லிவிட முடியாது. 2009இல் சிவகங்கையில் ப. சிதம்பரம் வென்றது வெறும் 3,354 ஓட்டில். ஆலங்குடியும் திருமயமும் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் முடிவு மாறியிருக்கும்.

அந்தத் தேர்தலில்தான் புதுக்கோட்டை தன் கோபத்தைக் காட்டியது. '49-ஓ' போடுங்கள் என்று பிரசாரம் நடந்தது. அப்போது நோட்டா பொத்தான் கிடையாது. உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பரில் சொன்ன பிறகுதான் அது வந்தது. 49-ஓ என்றால், வாக்காளர் தலைமை அலுவலரிடம் "எனக்கு ஓட்டுப் போட விருப்பமில்லை" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 17-ஏ பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே அதைக் குறித்துக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். சுற்றி எல்லாக் கட்சி ஏஜெண்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 2009 மே 13, அக்னி நட்சத்திர வெயில், எனக்கு வேறொரு ஊரில் தலைமை அலுவலர் பணி. எழுபது வயசிருக்கும் ஒரு பெரியவர், வெள்ளை வேட்டி, "49-ஓ" என்று எழுதிய துண்டுச் சீட்டை என் முன்னால் வைத்தார். ஏஜெண்டு ஒருவர், "என்ன மாமா, ஓட்டை வீணாக்குறீங்க?" என்றார். "வீணாக்குனது நான் இல்லடா" என்றார் பெரியவர். தேர்தல் பணியில் இருக்கும்போது நான் எதுவும் பேசக்கூடாது. பதிவேட்டைத் திருப்பி வைத்துக் கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று விரலால் காட்டினேன். அழகான கையெழுத்து.

இப்போது மறுபடியும் மறுவரையறை என்று எல்லோரும் பேசுகிறார்கள். 1962இல் 41 இடம் இருந்த நம்ம மாநிலத்துக்கு 1967இல் 39 ஆனது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்கள் நஷ்டப்படக்கூடாது என்று 1976இல் இந்த எண்ணிக்கை நிறுத்தி வைக்கப்பட்டது. 2001இல் செய்த 84ஆவது திருத்தம், 2026க்குப் பின் எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை அதை நீட்டித்தது. தமிழ்நாட்டின் இடம் குறையக்கூடாது என்று 2025 மார்ச் 22இல் சென்னையில் பல மாநிலத் தலைவர்கள் கூடினார்கள். நல்ல விஷயம், எனக்கும் அதே கருத்துதான். ஆனால் அந்த மேடைப் பேச்சுகளை டி.வி.யில் கேட்டபோது, மாநிலத்துக்கு உள்ளேயே இடத்தை இழந்த மாவட்டம் ஒன்று இருக்கிறதே, அதை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஆணையத்தின் இறுதி உத்தரவை எதிர்த்து நீதிமன்றம் போக அரசியல் சட்டத்தின் 329ஆவது பிரிவு பெரும்பாலும் வழி விடாது. ஆனால் அதற்கு முன்னால் வரைவை வெளியிட்டு, ஆட்சேபணை கேட்டு, பொது அமர்வு நடத்த வேண்டும் என்பது 2002 சட்டத்திலேயே இருந்தது. அடுத்த முறை அந்த நாள் வரும்போது கையில் காகிதம் இருக்க வேண்டும். அதற்காக ஒரு மனு எழுதத் தொடங்கியிருக்கிறேன். 234, 39, 6 என்ற கணக்கோடு ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம் வந்திருக்கிறது. அறந்தாங்கி, விராலிமலை, கந்தர்வகோட்டைப் பக்கம் இருக்கும் பிள்ளைகள், எம்.பி.யைத் தேடி அலைந்த அனுபவம் உங்கள் வீட்டில் இருந்தால் நாலு வரி எழுதி எனக்குத் தனியாக அனுப்புங்கள். ஊர் பெயரும் வருஷமும் கட்டாயம் வேண்டும். எழுத்துப்பிழை இருந்தாலும் பரவாயில்லை, நான் திருத்திக்கொள்கிறேன்.